ஒபியோராவுக்கு எழுதிய கடிதம்

மரக்காணம் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்த காசிலிங்கத்துக்கு மெட்ராஸில் வேலை வாங்கித் தந்தது பந்துதான். ஒரு கம்பெனி அணிக்கு கோல்கீப்பர் தேவைப்பட்டது. ஆறடி உயரம், கடற்கரை மணலில் விழுந்து புரண்டு பழகிய உடம்பு. எழுபத்து மூன்றாம் வருஷம் வேலையில் சேர்ந்தான். அவன் மனைவி சுலோசனா மட்டும் உப்பளத்தை விடவில்லை.

எழுபத்தேழில் ஒரு போட்டிக்காகக் கல்கத்தாவிலிருந்து அணி ஒன்று வந்தது. அதில் ஒபியோரா என்ற நைஜீரியாக்காரன் முன்வரிசையில் ஆடினான். இருபத்து மூன்று வயது. உள்நாட்டுப் போரில் அப்பாவைப் பறிகொடுத்தவன். படிக்க வந்த இடத்தில் அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு கிளப்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். அவன் அனுப்புவதில்தான் அம்மாவும் மூன்று தங்கைகளும் சாப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் காசிலிங்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது, அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை என்பது மட்டும். இடைவேளையில் பயிற்சியாளர் காசிலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தால் அவன் எழுந்து போகக் கூடாது என்றார்.

ஒபியோரா மறுபடியும் வந்தான், பந்தோடு தனியாக. காசிலிங்கம் பாய்ந்தான். பந்து கைக்குள் வந்துவிட்டது. வந்த பிறகும் முட்டியைத் தூக்கினான். ஒபியோராவின் கால் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கு மட்டும் கேட்டது. ரெஃபரி விசில் ஊதவில்லை. ஜனங்கள் காசிலிங்கத்துக்குக் கை தட்டினார்கள்.

பதினெட்டு நாள் காசிலிங்கம் அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனான். இங்கிலீஷ் தெரிந்த சக ஆட்டக்காரன் கண்ணாயிரம் துணைக்கு வருவான். இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர் சொன்ன அன்று, ஒபியோரா காசிலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ பேசினான்.

"நீ பந்துக்காகத்தான் வந்தே, அது எனக்குத் தெரியும்னு சொல்றாம்பா. மனசுல வெச்சுக்காதேன்றான்," என்றான் கண்ணாயிரம்.

காசிலிங்கம் தலையாட்டினான். அடுத்த வாரம் கிளப் டிக்கெட் எடுத்து ஒபியோராவை ஊருக்கு அனுப்பிவிட்டது.

அதன் பிறகு கோலில் நின்றால், ஓடி வருகிறவனின் காலில்தான் காசிலிங்கத்தின் கண் நின்றது. பந்து பக்கத்திலேயே உள்ளே போனது. அணியிலிருந்து எடுத்தார்கள், அதை வைத்துக் கிடைத்த வேலையும் போயிற்று. மரக்காணத்துக்குத் திரும்பி, மறுபடி உப்பு வாரினான்.

எழுபத்தொன்பதில் கண்ணாயிரம் மூலமாக ஒரு கடிதம் வந்தது. தபால் ஆபீஸ் குப்புசாமி படித்துச் சொன்னார். ஒபியோரா தன் மாமாவின் சிமெண்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறான். நடக்கக் கம்பு வேண்டும். ஒரு தங்கைக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. நீ இன்னும் கோலில் நிற்கிறாயா என்று கேட்டிருந்தான்.

பதிலைக் காசிலிங்கம் சொல்லச் சொல்ல குப்புசாமி எழுதினார். பாதியில் பேனாவை நிறுத்தினார்.

"இதையும் எழுதணுமாப்பா?"

"எழுதுங்க. பந்து கைக்கு வந்தப்புறந்தான் முட்டியத் தூக்கினேன். தெரிஞ்சேதான் தூக்கினேன்."

குப்புசாமி அப்படியே எழுதி ஒட்டினார்.

கடிதம் மாசியில் போட்டது. ஆடி வந்தும் பதில் வரவில்லை. தபால்காரரைப் பார்த்தால் காசிலிங்கம் பாத்தியிலிருந்து வரப்புக்கு ஏறிவிடுவான். அவர் கையை விரித்துவிட்டுப் போவார்.

"போய்ச் சேர்ந்துதோ இல்லையோ," என்றாள் சுலோசனா. "வராததே நல்லதுன்னு நெனச்சுக்கய்யா."

"திட்டியாச்சும் எழுதியிருக்கலாம்," என்றான் அவன்.