மூன்று முறை அழைத்தார்கள்

பிப்ரவரியில் இறந்த என் கணவர் இல்மோ, தன் போனை எந்தக் கம்பெனியின் கையிலும் விடாதவர். பின்லாந்தின் ஓலு நகரத்துக் கைபேசி ஆலை அவரையும் சேர்த்து ஆட்களை வேலையிலிருந்து அனுப்பிய வருடத்திலிருந்து எங்கள் சமையலறை மேசைதான் அவருடைய பட்டறை. பழைய போன்களில் கம்பெனி போட்டதை அழித்துவிட்டு, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய லினக்ஸ் மென்பொருளை ஏற்றுவார்.

"காசு கொடுத்தது நாம. உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரிய வேணாமா?"

என் போனையும் மாற்றிவிட்டார்.

கல்லீரல் கெட்டு, மாற்று உறுப்புக்கான பட்டியலில் அவர் பெயர் ஏறியபோது ஆஸ்பத்திரிச் செவிலி இரண்டு போன் எண்கள் கேட்டாள். அவருடையதையும் என்னுடையதையும் கொடுத்தோம்.

"கல்லீரல் கிடைச்சதும் கூப்பிடுவோம். ஒரு மணி நேரத்துல பதில் வரலைன்னா அடுத்தவரைக் கூப்பிட்டுருவோம்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், "சாதாரண போன் ஒண்ணு வாங்கிக்கோ, இல்மோ," என்றேன்.

"நான் திருத்தி இணையத்துல போடுறதை நம்பி நாலாயிரம் பேர் இதைத் தங்க போன்ல வச்சிருக்காங்க, ஹெல்கா. நானே நம்பலைன்னா எப்படி?"

"அந்த நாலாயிரம் பேருக்கும் கல்லீரல் நல்லா இருக்கு."

சிரித்தார். ஆனால் வாங்கவில்லை.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை நிரலைத் திருத்தினார். தொடாதபோது போன் இன்னும் ஆழமாகத் தூங்கும். அழைப்பு வந்தால் விழிக்கும். இரண்டு போன்களிலும் ஏற்றி, ஐந்து நிமிடம் தூங்கவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கூப்பிட்டார். இரண்டும் அடித்தன.

மறுநாள் காலை காட்டில் சிவப்புப் பெர்ரி பறித்துக்கொண்டிருந்தோம். காபி ஊற்றும்போது மணி பார்க்கப் போனை எடுத்தவர் அப்படியே நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து தவறிய அழைப்புகள் மூன்று. என் போனிலும் மூன்று. முதல் அழைப்பு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

திரும்ப அழைத்தார். "ஓ," என்றார். "சரி. ஆமா, புரியுது."

"என்னாச்சு?"

"வேற ஒருத்தருக்கு வச்சுக்கிட்டிருக்காங்க." பிறகு, "அஞ்சு நிமிஷம்தான் தூங்க விட்டேன், ஹெல்கா. அஞ்சே நிமிஷம்."

அன்று மாலையே பிழையைக் கண்டுபிடித்தார். ஒரே வரி. திருத்தி எல்லோருக்கும் அனுப்பினார்: 'நீண்ட நேரம் தூங்கினாலும் இனி அழைப்பு மணி அடிக்கும்.' வேறெதுவும் எழுதவில்லை. போர்ச்சுக்கலிலிருந்து யாரோ நன்றி சொல்லியிருந்தார்.

நான் வாங்கி வந்த பொத்தான் போனை அவர் மறுக்கவில்லை. நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருப்பார்.

"கூப்பிடு, ஹெல்கா."

பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவேன். அடிக்கும்.

"அடிக்குது," என்பார். பத்து நிமிடத்தில் மறுபடியும், "கூப்பிடு."

கடைசி வரை அது என் அழைப்புக்கு மட்டும்தான் அடித்தது.