கதவில் நசுங்காத விரல்கள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். தமிழர்கள் கூடும் தேக்கா வீதியில் வண்ண விளக்குகள் போட்டுவிட்டார்கள். நான் அப்போது ஈசூனில் ஓர் இரும்புப் பட்டறையின் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுக் கைப்பிடி, கேட், கிரில் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி. முதலாளி சீனர். பட்டறையில் இருபத்துச் சொச்சம் பேர், அதில் பாதிப்பேர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்கள். ஆபீஸில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஆகவே எல்லாவற்றுக்கும் அக்காதான். பெர்மிட் புதுப்பிக்க அக்கா, ஊருக்குப் பணம் அனுப்பும் படிவம் நிரப்ப அக்கா, கைப்பேசியில் வந்த ஆங்கிலச் செய்தி என்ன சொல்கிறது என்று கேட்க அக்கா. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கம்பெனி வழக்கமாக அனுப்பும் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, இவர்களுக்கு அவருடைய ஆங்கிலம் புரியாது. அதனால் அறைக்குள்ளும் கூடவே போய் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மொழிபெயர்ப்பேன். நான் இல்லாவிட்டால் இவர்கள் பாடு திண்டாட்டம் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. பட்டறைக்கே தாய் மாதிரி என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொள்வேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் பட்டறைப் பக்கம் ஒரு பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த இரும்புத் தகடுகள் சரிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு வெல்டர் தம்பி வலது கையை இடது கையால் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்து வீங்கத் தொடங்கியிருந்தன. ரத்தம் அவ்வளவாக இல்லை. அதைப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

டாக்சிக்குச் சொல்லிவிட்டு நிற்கும்போது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தவில்லை, மிரட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். வேலையிடத்தில் விபத்து என்று எழுதினால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும், விசாரணைக்கு ஆள் வருவார்கள், நமக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி உடனே கையைக் கழுவிவிடும், பிறகு எல்லாருக்கும்தான் கஷ்டம் என்றார். கடைசியில், "டார்மிட்டரி டோர்னு சொல்லு லா. சிம்பிள்" என்றார். தங்கும் விடுதிக் கதவில் விரல் நசுங்கியதாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊரில் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. வேலை பார்க்கும்போது அடிபட்டால், தப்பு யாருடையது என்று பார்க்காமல் நஷ்டஈடு உண்டு. மருத்துவச் செலவு, விடுப்பு நாட்களுக்குச் சம்பளம், ஊனம் நிலைத்துவிட்டால் அதற்கென்று ஒரு தொகை. அது எனக்குத் தெரியாதது இல்லை. அந்தக் கோப்புகளை அடுக்கி வைப்பதே நான்தான். ஆனால் என் அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு நாள் சம்பளம்கூடப் பிடிக்காமல் விடுப்பு கொடுத்தவர் அந்த முதலாளி. மகன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். வீட்டுக் கடன் வேறு இருந்தது. இரண்டு விரல் வீக்கம்தானே, நான்கு நாளில் வடிந்துவிடும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

டாக்டர் வயதானவர், பொறுமையானவர். எப்படி ஆனது என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"தகடு சரிஞ்சு கை மேல விழுந்துருச்சுக்கா. மூணு பேரு சேந்துதான் தூக்கி எடுத்தாங்க. ரெண்டு விரல்லயும் உணர்ச்சியே இல்லன்னு சொல்லுங்க" என்றார்.

நான் டாக்டர் பக்கம் திரும்பி, டார்மிட்டரி டோரில் விரல் மாட்டிக்கொண்டதாம், வலி இருக்கிறதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உணர்ச்சி இல்லை என்பதைச் சொல்லவில்லை. கதவில் மாட்டிய விரலுக்கு அது பொருந்தாதே! ஒரு பொய்யைச் சொன்னால் அதற்குத் தோதாக இன்னொன்றை விழுங்கத்தான் வேண்டியிருக்கிறது. தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் விரலை அமுக்கிப் பார்த்தார், கட்டுப் போட்டார், மாத்திரை கொடுத்தார். மூன்று நாளைக்கு இலகுவான வேலை பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். தம்பி இடது கையை நெஞ்சில் வைத்து, "தேங்க்யூ டாக்டர்" என்றார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் ஸ்டோரில் உட்கார்ந்து இடது கையால் போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான்காம் நாள் காலை அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை. அனல் பறக்கும் காய்ச்சல். விரல் கட்டிலிருந்து வாடை வந்ததாம். கூடத் தங்கியிருந்தவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். மருத்துவமனையில் கையைக் காப்பாற்ற இரண்டு விரல்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. பாரமான தகடு விழுந்த கை என்று முதல் நாளே தெரிந்திருந்தால் அந்த வயதான டாக்டர் அப்போதே எக்ஸ்ரேக்கு அனுப்பியிருப்பாரா, விரல்கள் பிழைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தண்டனை என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் நஷ்டஈடு கேட்கலாம் என்று வழி சொல்லியிருக்கிறார். அடிபட்ட தொழிலாளர்களுக்கு உதவும் தொண்டூழியர்கள் தேக்காவில் இருக்கிறார்கள். அவர்கள் அமைச்சுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி பதில் போட்டது. விபத்து விடுதியில் நடந்தது, கிளினிக் குறிப்பைப் பாருங்கள் என்று. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்தது யார்? நானேதான். கம்பெனி பெர்மிட்டை ரத்து செய்தது. வழக்கு முடியும்வரை இந்த ஊரில் இருக்க ஸ்பெஷல் பாஸ் கிடைத்தது, ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கக் கூடாது. தேக்காவில் ஒரு கடை மாடியில் பத்துப் பேரோடு படுத்துக்கொண்டு, தொண்டூழியர்கள் கொடுக்கும் இலவசச் சாப்பாட்டில் நாளைத் தள்ளினார். சரிந்த தகடுகளைத் தூக்கியவர்கள் இன்னும் அதே பட்டறையில் வேலை பார்ப்பவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. எடுத்தேன்.

"நல்லாருக்கீங்களாக்கா? பையன் பரீட்சை எல்லாம் நல்லா எழுதிட்டாரா?" என்று முதலில் விசாரித்தார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "அன்னைக்கு ரூமுக்குள்ள நீங்க மட்டும்தானேக்கா இருந்தீங்க. நான் என்ன சொன்னேன்னு மினிஸ்ட்ரி ஆபீசர்கிட்ட வந்து சொன்னீங்கன்னா போதும்."

"பாக்கலாம் தம்பி" என்று வைத்துவிட்டேன்.

பாவம், நடந்தது இவருக்குத் தெரியவில்லை, நான் சரியாகத்தான் சொன்னேன், டாக்டர்தான் தப்பாக எழுதிவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் நிம்மதியாக இருந்தது, அதுதான் அசிங்கம். ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டார். இரண்டு தடவை எடுத்துப் 'பாக்கலாம்' என்றேன். பிறகு எடுக்கவில்லை. இப்படியே ஆறு வாரம் ஓடியது. எனக்கு அது ஆறு வாரம். வேலை இல்லாமல், சம்பளம் இல்லாமல், கையில் கட்டோடு இருந்தவருக்கு அது எவ்வளவு நீளம் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.

ஆறாவது ஞாயிறு தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்ப்புற நடைபாதையில் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பொட்டலம். அதில் போட்டிருந்த ரப்பர் பேண்டைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். வலது கையைக் கைக்குட்டையால் சுற்றி மறைத்திருந்தார். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், அதற்குள் என்னைக் கண்டுவிட்டார். பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வாங்கக்கா. சாப்பிட்டீங்களா?"

"நீ சாப்பிடுப்பா, உக்காரு" என்று மட்டும் சொன்னேன். உட்கார்ந்து இடது கையால் பிசைந்தார். பழகாத கை. சோறு சட்டையில் சிந்தியது. சிந்தியதை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எம்ஆர்டி ரயிலில் ஈசூன் வரும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி ஒருவர் டிஷ்யூ நீட்டினார். வாங்கிய மீன் சமையலறைத் தொட்டியிலேயே கிடந்தது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "வேலை போனா வேற பாத்துக்கலாம். நாளைக்குப் போயிடு" என்றார்.

மறுநாள் அமைச்சுக்குப் போனேன். ஓர் இளம் அதிகாரி, மலாய்ப் பெண், நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தார். ஓர் இடத்தில் கையை நிறுத்திவிட்டு, கதவு என்று சொன்னது அவரா, நீங்களா என்று கேட்டார். நான்தான் என்றேன். சரியா என்று பார்க்கச் சொல்லி எல்லாவற்றையும் திரும்பப் படித்துக் காட்டினார். என் பொய்யை இன்னொருவர் குரலில், உணர்ச்சியே இல்லாமல், வரி வரியாகக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கப்போவதில்லை. கையெழுத்துப் போட்டேன். விஷயம் கம்பெனிக்குத் தெரிந்த அன்று முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் அலமாரிச் சாவிகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டு வருட வேலை அதோடு முடிந்தது.

நஷ்டஈடு தீர்ப்பாவதற்கு இன்னும் ஏழு மாதம் ஆனது. கம்பெனி ஆட்சேபம், மறுபடி மருத்துவப் பரிசோதனை, மறுபடி கடிதம். கை எவ்வளவு சதவீதம் போயிற்று என்று டாக்டர்கள் கணக்குப் போட்டு எழுத வேண்டுமாம், அதற்குத்தான் தொகை. கடைசியில் கொடுத்தார்கள். ஆனால் வெல்டிங் பிடிக்கத் தெரிந்த வலது கை அவருக்கு இனிமேல் கிடையாது. அந்தக் கையைப் பார்த்து இங்கே எந்தக் கம்பெனியும் திரும்பப் பெர்மிட் போடாது. அதற்கெல்லாம் சதவீதம் இல்லை.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பார்க்க வேண்டும் என்று அவரே கூப்பிட்டார். தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்தோம். காசு நான் கொடுக்கிறேன் என்றால் கேட்கவில்லை. எனக்கும் அவரே 'தே' என்கிற பால் டீ வாங்கி, இடது கையில் ஒவ்வொரு கோப்பையாகக் கொண்டுவந்து வைத்தார். அதிகாரியிடம் சொல்லிவிட்டேனே தவிர அவர் முகத்தைப் பார்த்து நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் அனுப்பினால் செத்தாலும் என் கட்டை வேகாது என்று இருந்தது.

"தம்பி, அன்னைக்கு டாக்டர்கிட்ட கதவுன்னு சொன்னது நான்தான்ப்பா. நீ சொன்னத நான் சொல்லல."

அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "தெரியும்க்கா" என்றார்.

அமைச்சில் சொன்னார்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா, அன்னைக்கே தெரியும். டார்மிட்டரி, டோர், ரெண்டும் நாங்க தினம் சொல்ற வார்த்தைதானே. அதுகூடவா புரியாது?"

"அப்ப ஏன்ப்பா அங்கயே கேக்கல?"

"கம்பெனி ஆளு சொல்றீங்க. எதுத்துப் பேசினா வேலை போயிருமேன்னு பயம்."

"சரி, அதுக்கப்புறம்? அத்தன வாரம் போன் பண்ணியே. ஒரு தடவையாச்சும் கேட்டிருக்கலாமில்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். "கேட்டிருந்தா நீங்க பயந்துருப்பீங்க. அப்புறம் வந்திருக்கவே மாட்டீங்க. எனக்கு உங்க சாட்சி வேணுமேக்கா."

என் மகனின் பரீட்சையை விசாரித்தது, எழுந்து நின்றது, சாப்பிட்டீங்களா என்று கேட்டது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. நான் வெகுளித்தனம் என்று எண்ணி நிம்மதிப்பட்டதெல்லாம், விரலை இழந்த ஒருவர் விரலைப் பறிகொடுக்கக் காரணமானவளைப் பயமுறுத்தாமல் பார்த்துக்கொண்ட பாடு. தேயைக் குடித்துவிட்டு, "வர்றேங்க்கா, உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார். அதன்பிறகு அவரிடமிருந்து போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

இப்போது ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், வரிசையில் நிற்கும்போது எப்போதாவது ஊர்த் தம்பிகள் யாராவது, "அக்கா, கொஞ்சம் டாக்டர்கிட்ட சொல்றீங்களா" என்று கூப்பிடுவார்கள். போவேன். அவர்கள் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். நான் பேசும்போது அவர்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் எனக்கு வார்த்தை தடுமாறும். அந்தத் தம்பி என்னை மன்னித்துவிட்டுப் போனாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது; அதைக் கேட்கிற உரிமை அந்த டாக்டர் அறையிலேயே எனக்குப் போய்விட்டது.