கோடு ஓடினால் ஓடட்டும்

மலாக்கா காஜா பேராங்கில், சாலையோரக் கடைவீடு ஒன்றின் மாடியில் சாரதாம்பாள் தட்டச்சு வகுப்பு நடத்திவந்தாள். கீழ்த்தளத்தில் அவளுடைய அண்ணன் ராஜரத்தினம் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அவளுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "உங்களுக்கு ஆயிடுச்சுல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

ஜப்பான்காரன் காலத்தில் தந்தி அலுவலகத்தில் ஆள் பற்றாமல் போகவே, பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சாரதாம்பாள் மோர்ஸ் படித்தது அங்கேதான். கட் கட என்று வரும் ஓசையைக் காதால் கேட்டுக் கையால் எழுதுவாள். ஒரு வார்த்தை தவறாது. போர் முடிந்தது, வெள்ளைக்காரன் திரும்பினான், பழைய ஆண்களும் திரும்பினார்கள். பெண்களை வரிசையாக நிற்கவைத்து, நன்றி சொல்லி, வீட்டுக்குப் போகச் சொன்னார் அதிகாரி. மற்றவர்கள் போனார்கள். சாரதாம்பாள் மட்டும் நின்று, "வேலையை எடுத்துக்கிட்டீங்க. படிச்சதை எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டாள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த குமாஸ்தாக்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தட்டச்சு வகுப்பில் காசு கொஞ்சம் சேர்ந்ததும் அமெச்சூர் வானொலி உரிமத்துக்கு எழுதிப்போட்டாள். வீட்டிலேயே சொந்தமாக ஒரு சிறு நிலையம் வைத்து, வேறு ஊர்களில் அப்படி வைத்திருப்பவர்களோடு பேசுவதற்கான உரிமம் அது. மலாயாவில் அவசரகாலம் அப்போது முடிந்திருக்கவில்லை. அரசை எதிர்த்துக் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யார் சேதி அனுப்புகிறார்கள் என்று போலீஸ் எல்லார் கூரையையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். உரிமம் வந்து கூரையில் ஏரியல் கம்பி கட்டிய பிறகும், மாத்தா மாத்தா என்று ஊரில் சொல்லும் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் அடிக்கடி மாடியேறி வந்தார்கள்.

"அந்தக் கம்பிய எடுத்துடு சாரதா" என்று ராஜரத்தினம் கெஞ்சினார். "நமக்கு எதுக்கு இந்த சுசா, இந்தத் தொல்லை? கடைக்கு வர்ற ஆளெல்லாம் பயப்படுது."

"உரிமத்துல கையெழுத்துப் போட்டது அவங்கதானே அண்ணே? வேணும்னா அவங்களே வந்து எடுக்கட்டும். நான் எடுக்கமாட்டேன்."

கம்பி கூரையில் அப்படியே இருந்தது.

சிங்கப்பூரில் ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது, ராஜரத்தினம் வானொலி உதிரிகளோடு ஒரு பழைய தந்தித் தட்டச்சு எந்திரத்தையும் சேர்த்து எடுத்துவந்தார். பிரித்து விற்றுவிடலாம் என்பது அவருடைய கணக்கு. சாரதாம்பாள் அதை மாடிக்குத் தூக்கிவரச் செய்து, வானொலியோடு இணைத்துவிட்டாள். இந்தப் பக்கம் ஒரு எழுத்தைத் தட்டினால், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருக்கும் அதே மாதிரி எந்திரம் அந்த எழுத்தைத் தானே காகிதத்தில் அடிக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு எழுத்தும் ஐந்து துடிப்புகளாகப் போகிறது. இரண்டு எந்திரங்களின் மோட்டாரும் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் அந்தத் துடிப்புகளை மறுமுனை சரியாகப் பிரித்துக்கொள்ளும். வேகம் கொஞ்சம் பிசகினாலும் ஆங்கில 'A' போய் 'K' ஆகிவிடும்.

பிசகியது. அதுவும் ஒரே மாதிரி பிசகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுப்பினால் கோலாலம்பூரில் அச்சுப்போல விழுந்தது. சாயங்காலம் அனுப்பினால் முதல் வரி ஒழுங்கு, மூன்றாம் வரி குப்பை. மறுநாள் சாயங்காலம் முதல் வரியிலேயே குப்பை.

கோலாலம்பூர் நிலையத்தை நடத்தியவர் தம்பிராஜா. யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் தந்திப் பிரிவில் பெரிய பதவி. மலாயா சுதந்திரம் பெறும் நாளன்று நான்கு ஊர் அமெச்சூர்களும் எந்திரம் வழியாக வாழ்த்து அனுப்பிக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டவரும் அவரே. சாரதாம்பாளின் சேதிகள் கெட்டுக் கெட்டு வருவதைப் பார்த்துவிட்டு அவர் கடிதம் போட்டார். வகுப்பு முடிந்த களைப்பில் அவளுடைய விரல்கள் வேகம் மாறுகின்றன போலிருக்கிறது, பெண்களுக்கு அது இயல்புதான், விழா நாளன்று ரயில்வே தந்தி ஆள் ஒருவரை அனுப்புகிறேன், அவர் உட்கார்ந்து அடிப்பார் என்று எழுதியிருந்தார்.

சாரதாம்பாள் அதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினாள். கடிதத்தை மேசையில் வீசினாள்.

"விரலாம். நான் வேகமா தட்டினாலும் மெதுவா தட்டினாலும் எழுத்தைப் பிரிச்சு அனுப்புறது மோட்டாரு. இது அந்தப் பெரிய மனுசனுக்குத் தெரியாதா? பொம்பளைன்னதும் விரலைப் பார்க்கத் தோணுது."

"ஒருநாள்தானே சாரதா. அந்த ஆள் வந்து அடிச்சுட்டுப் போகட்டுமே."

"என் நாற்காலியில என்னைத் தவிர யாரும் உட்காரமாட்டாங்க."

தன் மோட்டார் சரியாக இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மோட்டாரின் சக்கரத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் வரைந்திருக்கும். மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து மின்னும் சின்ன நியான் விளக்கு ஒன்றை அதற்கு நேரே பிடிப்பாள். வேகம் சரியென்றால், சுற்றுகிற சக்கரத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். பிசகினால் கோடுகள் முன்னேயோ பின்னேயோ ஊரும். ஊர்ந்தால் ஒரு திருகைத் திருப்பி நிறுத்திவிடலாம். காலையோ சாயங்காலமோ, ஒவ்வொரு முறையும் கோடுகளை நிறுத்திவிட்டுத்தான் அவள் அனுப்பினாள். ஆகவே பதில் எழுதினாள்: என் கோடு நிற்கிறது, பிழை உங்கள் எந்திரத்தில், அதைப் பாருங்கள். அவரும் விடவில்லை. பினாங்கிலிருந்து வருவதெல்லாம் தனக்குச் சுத்தமாக வருவதாகப் பதில் போட்டார். இரண்டு மாதம் இந்தச் சண்டை நடந்தது.

அந்த நாட்களில் வகுப்புச் சுவரில் புதிதாக ஒரு மின்சாரக் கடிகாரம் மாட்டியிருந்தாள். சாவி கொடுக்கத் தேவையில்லை என்று அதில் அவளுக்குப் பெருமை. சாயங்கால வகுப்புக்கு செமாபோக்கிலிருந்து வரும் ஜெயா என்ற பெண் ஒருநாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், உங்க கடிகாரம் மெதுவா போவுது. நேத்தும் பஸ் போயிடுச்சு, இன்னிக்கும் போயிடுச்சு. எங்கப்பா வைவாரு."

சாரதாம்பாள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் சில நிமிடம் பின்தங்கித்தான் இருந்தது. காலையில் திருத்தலாம் என்று விட்டுவிட்டாள். காலையில் பார்த்தால் அது சரியான நேரம் காட்டியது. யாரும் அதைத் தொடவில்லை.

அதே வாரம் தியாகு ஒரு விண்ணப்பம் தட்டச்சு செய்ய வந்தான். பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய தமிழர்களின் வழிவந்த கம்போங் சிட்டிக்காரன், மின்சார நிலையத்தில் முறைவேலை பார்ப்பவன். சாமி பெயர்களையும் உறவுப் பெயர்களையும் தவிர அவனுக்குத் தமிழ் வராது. அவர்கள் வீட்டுப் பேச்சு மலாய்தான். சாரதாம்பாளோடும் மலாயில்தான் பேசுவான். அவள் ஸ்டூல்மேல் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றப் போவதைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, இத்து ஜாம் தா ரோசாக்."

கடிகாரம் கெடவில்லையென்றால் ஏன் பின்தங்குகிறது என்று கேட்டாள். குற்றம் தன்னுடையது என்றான் அவன். சாயங்காலமானால் ஊரே விளக்குப் போடுகிறது, நிலையத்து எந்திரங்கள் பாரம் தாங்காமல் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகின்றன, மின்சாரத்தின் துடிப்பும் மெதுவாகிறது, அந்தத் துடிப்பை எண்ணித்தான் இந்தக் கடிகாரம் ஓடுகிறது. ஊர் தூங்கியபின் எந்திரங்களைச் சற்று விரைவாக ஓட்டி, இழந்த நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

சாரதாம்பாள் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. தன் நியான் விளக்கை நினைத்துக்கொண்டு நின்றாள். அதுவும் அதே மின்சாரத்தோடு சேர்ந்துதான் மின்னுகிறது. சாயங்காலம் விளக்கின் துடிப்பு மெதுவாகும்போது, சரியாகச் சுற்றுகிற மோட்டாரைத் தப்பு என்று நினைத்து, அவளே திருகைத் திருப்பிக் குறைத்திருக்கிறாள். பாரம் தினமும் ஒரே அளவாக இருப்பதில்லை, அதனால் பிசகும் தினமும் ஒரே அளவாக இல்லை. பிழை தம்பிராஜாவின் எந்திரத்தில் இல்லை. அவள் விரலிலும் இல்லை. அசையாமல் நிற்கிறது என்று அவள் நம்பிய கோட்டில் இருந்தது.

அவள் முகம் சுண்டிப்போனது. இரண்டு மாதம் ஒரு மனிதரைப் பிழைக்காரர் என்று வைதிருக்கிறாள். ஆனால் அது கொஞ்ச நேரம்தான். இறங்கி வந்து தியாகுவிடம் மலாயில் கேட்டாள்: "துடிப்பு சரியா இருக்கிறது எப்போ? உனக்கு அங்கே மானி இருக்கும்ல?"

காலை பத்து மணி வாக்கில் முள் நடுவில் நிற்கும் என்றான் தியாகு.

மறுநாள் பத்து மணிக்கு விளக்கைப் பிடித்து, கோட்டை நிறுத்தி, திருகை இறுக்கினாள். மோட்டாரில் வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் அமைப்பு இருந்தது. தொடாமல் விட்டால் மின்சாரம் எப்படி ஆடினாலும் அது தன் வேகத்தை விடாது. அன்று சாயங்காலம் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். கோடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கை திருகுக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டாள். பினாங்குக்கு ஒரு பக்கம் முழுக்க அனுப்பினாள். ஒரு எழுத்துகூடக் கெடாமல் போய்ச் சேர்ந்ததாகப் பதில் வந்தது.

உடனே மோர்ஸில் கோலாலம்பூரைக் கூப்பிட்டாள். "பிழை என் பக்கம். விரல் அல்ல, விளக்கு. சரிசெய்துவிட்டேன். ஆள் வேண்டாம்."

ஏற்பாடு செய்தாகிவிட்டது, ஆள் வருவார் என்று பதில் வந்தது.

விழாவுக்கு முந்திய ஞாயிறு சாயங்காலம் தம்பிராஜாவே காரில் வந்து இறங்கினார். கூட ரயில்வே தந்தி ஆள். ராஜரத்தினம் ஓடிப்போய்ச் சோடா வாங்கிவந்தார். தம்பிராஜா மாடியேறி, நேரே எந்திரத்துக்குப் போய், விளக்கை எடுத்துச் சக்கரத்துக்கு நேரே பிடித்தார்.

"என்ன தங்கச்சி இது? கோடு ஓடுது!"

"ஓடினா ஓடட்டும்."

"சரி பண்ணியாச்சு எண்டு சொன்னீங்கள்?"

"சரி பண்ணினதாலதான் ஓடுது. நிக்கவச்ச நாள்ல எல்லாம்தான் உங்களுக்குக் குப்பை வந்துச்சு. நீங்க கோட்டைப் பார்க்காதீங்க சார், காகிதத்தைப் பாருங்க."

அவள் உட்கார்ந்தாள். வேண்டுமென்றே கன்னாபின்னாவென்று தட்டினாள். ஒரு வரி படுவேகம், ஒரு வரி சிறுபிள்ளை ஒற்றை விரலால் அடிப்பதுபோல. பினாங்கு நிலையம் வாங்கியதை அப்படியே திருப்பி அனுப்பியது. காகிதம் எந்திரத்திலிருந்து எழும்பி வந்தது. தம்பிராஜா அதைக் கிழித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வரிவரியாகப் படித்தார். தவறு ஒன்றும் இல்லை.

"விளக்குதான் பிழை எண்டுறது விளங்குது" என்றார் மெதுவாக. "நான் இசைக்கவையைத் தட்டி, அந்த அதிர்வை வச்சு வேகம் பார்க்கிறனான். அதுக்கு மின்சாரம் தேவையில்லை. அதை முதலே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஒரே நாள்ல கண்டுபிடிச்சிருப்பேன். நீங்க விரலைப் பத்தி எழுதினீங்க."

அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். தந்தி ஆள் நின்ற இடத்திலேயே, "அப்ப நான் எங்கே உட்கார்றது?" என்று கேட்டார்.

"கீழே அண்ணன் கடையில நல்ல நாற்காலி இருக்கு" என்றாள் சாரதாம்பாள்.

சுதந்திர நாள் சாயங்காலம் மலாக்காவில் விளக்கில்லாத தெருவே இல்லை. பாடாங் திடலிலும் ஆற்றோரத்திலும் கோயிலிலும் மசூதியிலும் சரம்சரமாக விளக்குகள். காஜா பேராங் கடைக்காரர்கள் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுக்கொண்டு தொங்கவிட்டிருந்தார்கள். ராஜரத்தினமும் கடை வாசலில் ஒரு கொடியும் நான்கு பல்புகளும் போட்டிருந்தார். பல்புகள் எல்லாம் அழுது வடிந்தன. மின்சாரம் அவ்வளவு பாரத்தில் இருந்தது. மாடியில் நியான் விளக்கின்கீழ் கோடுகள் ஊரவில்லை, ஓடின.

ராஜரத்தினம் எட்டிப் பார்த்துப் பதறினார். "ஐயோ, திருகைக் கொஞ்சம் திருப்பு சாரதா!"

சாரதாம்பாள் நியான் விளக்கை அணைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுத் தட்டத் தொடங்கினாள். மலாக்காவின் வாழ்த்து கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே நேரத்தில் போனது. மூன்று இடத்திலிருந்தும் சுத்தமாக வந்தது என்று பதில். சிங்கப்பூர்க்காரர், இன்றிரவு வந்தவற்றில் மலாக்காதான் தெளிவு என்று கூடுதலாக ஒரு வரி போட்டார். சற்று நேரத்தில் தெருவே இருண்டுபோனது. கீழே எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். சாரதாம்பாள் பேட்டரி வானொலியை முடுக்கி, எஞ்சிய வாழ்த்துகளை இருட்டிலேயே மோர்ஸில் அடித்து முடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, விழா நாள் இணைப்பைப் பற்றித் தம்பிராஜா எழுதிய அறிக்கை எல்லா நிலையங்களுக்கும் வந்தது. மலாக்கா நிலையத்துக்கு நல்ல பாராட்டு. நிலையத்தை இயக்கியவர் என்ற இடத்தில் ராஜரத்தினம் என்று போட்டிருந்தது. தம்பிராஜா வேண்டுமென்று செய்தாரா, தட்டச்சு செய்த குமாஸ்தா கடைப்பலகையின் பெயரைப் போட்டுவிட்டானா, தெரியாது.

"விடு சாரதா, நம்ம குடும்பப் பேருதானே" என்றார் அண்ணன். அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

"ஒங்க பேரு அண்ணே அது. என் பேரு வேற."

திருத்தம் கேட்டு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதவில்லை. அடுத்த ஞாயிறு நான்கு நிலையங்களும் சேர்ந்திருந்தபோது, அவளுடைய முதல் வரி எல்லா ஊர் எந்திரத்திலும் இப்படி விழுந்தது: மலாக்கா நிலையம், இயக்குபவர் சாரதாம்பாள், ராஜரத்தினம் அல்ல. வணக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அதே வரி. அதற்கடுத்ததும்.

கிறிஸ்துமஸ் தாண்டிய பிறகு ஒரு ஞாயிறு தம்பிராஜா கேட்டார், இது இன்னும் எத்தனை நாளைக்கு என்று.

அச்சில் மாற்றும்வரை என்று சாரதாம்பாள் பதில் அடித்தாள்.

பொங்கலுக்குள் திருத்திய அறிக்கை வந்தது. அவள் பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது. அதற்கும் எழுதிப்போட்டாள்.