சீனாக் கிட்டாரா, நம்மூர்க் கிட்டாரா?

மளிகைக் கடைக்கு வருபவருக்கு என்ன வேண்டும் என்பது வீட்டிலிருந்து கிளம்பும்போதே தெரிந்திருக்கும். எலக்ட்ரிக் கிட்டார் வாங்க வருபவருக்குக் கடைக்குள் கால் வைத்த பிறகுதான் குழப்பமே ஆரம்பிக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நானும் என் வீட்டுக்காரர் சேகரும் இசைக்கருவிக் கடை வைத்திருக்கிறோம். கல்லாவில் நான். பின்னால் சால்டரிங் அயர்னும் கையுமாக, ரிப்பேர் வேலைக்கு அவர். எலக்ட்ரிக் கிட்டார் எங்களிடம் இரண்டு வகை. ஒன்று சீனாவிலிருந்து வருவது. பளபளவென்று இருக்கும், பை, ஒயர், சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் சின்ன ஆம்ப் பெட்டி எல்லாம் ஒரே அட்டைப் பெட்டிக்குள் சேர்ந்தே வந்துவிடும். இன்னொன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஜெயபால் என்பவர் தன் பட்டறையில் செய்து அனுப்புவது. அதோடு ஒரு பை கூட வராது. விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஜெயபால் கிட்டாரைக் கடைக்குக் கொண்டுவந்தது நான்தான். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது பட்டறையைப் பார்த்தேன், ஒன்றை எடுத்து மடியில் வைத்து மீட்டினேன், அவ்வளவுதான், மனசு விழுந்துவிட்டது. சுவரில் மாட்டிய அன்றைக்கே சேகர் சொல்லிவிட்டார்: “ஆசப்பட்டு நீ வாங்கினு வந்த. விக்கறதும் நீதான்.” கடையில் எதையாவது ஆசைப்பட்டு வாங்கி மாட்டிவிட்டு, போகிற வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு என் அவஸ்தை புரியும்.

மோட்டார் கணக்கு

முதலில் என்னிடம் மாட்டியவர் கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர். காலேஜ் படிக்கிற மகளுக்குக் கிட்டார். மகள் சீனாவின் நீலக் கலரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். கோயம்புத்தூர்க் கிட்டாரின் மரம் எப்படிப்பட்டது, கழுத்து எவ்வளவு நேராக இருக்கிறது, கம்பியைத் தொட்டால் எவ்வளவு நேரம் அதிர்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். மனுஷன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே கேள்வி: “ரிப்பேர் ஆனா யாரு பாப்பாங்க?”

நல்ல கேள்வி கேட்டார் என்று எனக்கு உற்சாகம். “இதுக்கு ஒரு பிரச்சினைன்னா செஞ்சவருக்கே போன் போடலாங்க. சீனாவுக்கு நாம யாருக்குப் போன் போடறது?” என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், புகை பறக்கக் கீபோர்டு ஒன்றின் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்த சேகரைப் பார்த்தார். “அவரு ரெண்டையும் பாப்பாரா?” என்றார். சேகர் தலையை நிமிர்த்தாமலே, “பாப்பேங்க” என்றார். அத்தோடு என் வியாபாரம் முடிந்தது. நீலக் கிட்டாரை மகள் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்:

“கரும்புக்குத் தண்ணி பாயறப்ப மோட்டார் நின்னுட்டா நான் கம்பெனியையா தேடினு போறேன்? மெக்கானிக்கத்தான் தேடுவேன். மெக்கானிக் இங்கயே குந்தினு இருக்காரு. அப்ப கம்மி வெலையே போதும்மா.”

பெயர் இல்லாத தலை

நைனார்பாளையம் கணேசன் கோயில் திருவிழாக்களில் வாசிக்கிற மெல்லிசைக் குழுவின் கிட்டார்காரர். அவருடைய பழைய கிட்டாரில் கம்பியை இழுத்துப் பிடிக்கும் முறுக்காணி வழுக்கும். ஒரு திருவிழாவில் பாட்டு நடுவில் கம்பி தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. பாடுகிறவர் மேடையிலேயே திரும்பி முறைத்தாராம். “அந்த மொறைப்பு இன்னும் கண்ணுலயே நிக்குது” என்றுதான் கடைக்குள்ளேயே வந்தார்.

ஜெயபால் கிட்டாரை ஆம்ப்பில் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். விற்றுவிட்டது என்றே நினைத்தேன். அவரோ பெருமூச்சு விட்டு, பழையபடி சுவரில் மாட்டிவிட்டார். என்ன குறை என்றால், தலைப்பக்கம் பெயர் இல்லையாம்! ஜெயபால் தன் கிட்டாரில் பெயர் எழுதுவதில்லை. மொட்டையாக விட்டுவிடுவார். “மேடையில பாக்கறவன் ‘இன்னாடா, கார்பெண்டர்கிட்ட சொல்லி அடிச்சதா’ன்னு கேப்பான்க்கா” என்றார் கணேசன்.

ஜெயபாலுக்குப் போன் போட்டேன். அவர் குரலில் சுரத்தே இல்லை. “பேரு ஒட்டினாத்தான் விக்கும்னா உங்க பேரையே ஒட்டிக்கோங்க. எனக்கொண்ணும் இல்லீங்க. இந்த ஆடி வரைக்கும் பார்த்துட்டு இதை விட்டுடலாம்னு இருக்கேனுங்க” என்றார். போனை வைத்துவிட்டு, அவர் சொன்னதைச் சேகரிடம் சொன்னேன். மூன்று பேரை வைத்துக்கொண்டு அந்தப் பட்டறையில் அவர் ஒவ்வொரு கழுத்தையும் கையால் தடவிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். சேகர் எழுந்து பக்கத்து ஸ்டிக்கர் கடைக்குப் போனார். ‘கலா’ என்ற என் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் வெள்ளி நிறத்தில் வெட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே அலங்காரம் அதுதான். கணேசன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்:

“எழுத்து இன்னும் கோணலா இருக்கணும்ங்க. படிக்க முடிஞ்சிட்டா லோக்கலுன்னு கண்டுபுடிச்சிருவானுங்க.”

கோணலாக வெட்டி ஒட்டினோம். வாங்கிக்கொண்டு போனார்.

சத்தம் வராத கிட்டார்

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர் செல்விக்கு. டீச்சர் டிரெய்னிங் படித்தபோது ஹாஸ்டல் தோழியிடம் கிட்டார் கற்றுக்கொண்டவள். இப்போது புருஷன் வீட்டில் சாமை, தினை, கைக்குழந்தை. கைக்குழந்தையோடுதான் மலையிறங்கி வந்திருந்தாள். சாதாரணக் கிட்டார்களைத் தாண்டி நேராக எலக்ட்ரிக் பக்கம் போனாள். “கரண்ட்டு அடிக்கடி போகுமேம்மா, ஆம்ப்புக்கு இன்னா பண்ணுவ?” என்று கேட்டேன். “ஆம்ப்பே வேணாங்க. சொருகாம வாசிச்சா சத்தம் வராது இல்ல? இவன் தூங்கறப்ப வாசிக்கத்தான்” என்றாள். சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரிக் கிட்டார் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

நான் வழக்கம் போல ஜெயபால் கிட்டாரை நீட்டினேன். ஒயர் சொருகாமலே கணீர் என்று கேட்கும் என்று பெருமையாகத் தட்டிக் காட்டினேன். குழந்தை வீறிட்டது. அவள் சீனாவையே வாங்கிக்கொண்டு போனாள்.

மழைக்காலம் முடிந்து திரும்பி வந்தாள். மலைப் பனியும் அடுப்புச் சூடும் மாறி மாறிப் பட்டு, கிட்டாரின் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது. அழுத்தினால் கம்பி எட்டவே இல்லை. கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்தலாம் என்று சேகர் பார்த்தார். ஏற்கனவே கடைசி வரை திருகித்தான் அனுப்பியிருந்தார்கள். இதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்றதும், கோபப்படுவாள், இல்லை இதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை. பழையதை எடுத்துக்கொண்டு மீதி விலைக்குப் புதிது தர முடியுமா என்று கேட்டாள். உதிரி பாகத்துக்கு ஆகும் என்று சேகர் ஒப்புக்கொண்டார். எது வேண்டும் என்றேன். ஜெயபால் கிட்டாரைக் காட்டினாள். “அதுல சத்தம் ஜாஸ்தியாச்சேம்மா” என்றேன். சிரித்தாள்:

“மொதல்ல சத்தம் கேட்டா முழிச்சிக்கினு அழுவான். இப்ப சத்தம் நின்னா முழிச்சிக்கினு அழறான். அதனால சத்தமா இருக்கறதே குடுங்க.”

சீனாவுக்கு ஒரு ஓட்டு

இதையெல்லாம் படித்துவிட்டு நான் சீனாவுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். மணலூர்பேட்டையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள், ஒரே தெரு நண்பர்கள். சேர்த்த பணத்தில் ஒரு ஜெயபால் கிட்டார் வாங்கலாம். அல்லது சீனாக் கிட்டாரும், பழைய கீபோர்டும், ஒரு டிரம் பேடும், அந்தச் சின்ன ஆம்ப் பெட்டியும் வாங்கலாம். நல்லதாக ஒன்றில் ஆரம்பியுங்கள் என்று நான் முடிந்த வரை பேசினேன். அவர்களில் ஒல்லியாக இருந்தவர் நான் பேசி முடிக்கும் வரை தலையாட்டிக் கேட்டுவிட்டு, சீனாவையே கைகாட்டினார். இப்போது அவர்கள் சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, வளைகாப்பு எல்லாவற்றுக்கும் போய் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அவர் சொன்னது இது:

“நல்ல கிட்டார் ஒண்ணு வாங்கினா ஒருத்தன் வாசிப்பான், மூணு பேரு கைதட்டினு குந்தி இருக்கணும்க்கா. இதுன்னா எல்லாரும் சேந்து கெட்டுப்போவலாம்.”

எனக்குத்தான்

மல்லிகா எங்கள் தெருமுனையில் டிபன் கடை வைத்திருக்கிறாள். மத்தியானம் கடையை ஏறக்கட்டிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எதுவும் கேட்க மாட்டாள், போய்விடுவாள். ஒரு நாள் நானே, “பையனுக்கா?” என்றேன். “அவன் பெங்களூருல இருக்கான். எனக்குத்தான்” என்றாள். செல்போனில் பாடம் பார்த்து, கிட்டார் இல்லாமலே கரண்டிக் காம்பில் விரல் வைத்துப் பழகியிருக்கிறாள். வீட்டில் சொன்னதற்குச் சிரித்தார்களாம். அதைச் சொல்லும்போது அவளும் சிரித்தாள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

சீனாவைக் கொடுத்தேன். கழுத்தில் கையை மேலும் கீழும் ஓட்டினாள். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளின் முனை ஓரத்தில் நீட்டிக்கொண்டு குத்தியது. ஜெயபால் கிட்டாரைக் கொடுத்தேன். வழுவழுப்பு பிடித்திருந்தது, ஆனால் அவள் சின்னக் கைக்குக் கழுத்து தடிமன். இரண்டையும் மாட்டிவிட்டுப் போய்விடுவாளோ என்று எனக்குப் பதைப்பு. அங்கேயே அவளை உட்கார வைத்து ஜெயபாலைக் கூப்பிட்டேன். அவர் அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னார். கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை எவ்வளவு, உள்ளங்கை எவ்வளவு என்று தையல்காரர் மாதிரி அளவு கேட்டார்.

மெலிந்த கழுத்தோடு கிட்டார் வந்து சேர்ந்தது. புதிதாகக் கற்பவர்கள் எல்லோருக்கும் சொல்வதை அவளுக்கும் சொன்னேன்: ஆரம்பத்தில் கம்பி விரல் நுனியை அறுக்கும், வலிக்கும், பொறுத்துக்கொள்ளணும் என்று. மல்லிகா விரல்களை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இட்லித் தட்டும் தோசைக்கல்லும் பார்த்துப் பார்த்துக் காய்த்துப் போன நுனிகள்.

“அடுப்புல சுட்ட வெரல்க்கா இது. வலிச்சா கம்பிக்குத்தான் வலிக்கும்.”

செய்தவர் வந்தார்

ஆடி போய் ஆவணி வந்தது. ஜெயபால் பட்டறையை மூடவில்லை. மெலிந்த கழுத்தைப் பார்த்து வேறு ஊர்க் கடைகளிலும் கேட்டிருக்கிறார்கள், பெண்கள் அதிகமாக. சேலம் வரை வந்தவர் எங்கள் ஊருக்கும் பஸ் ஏறிவிட்டார். கிட்டாருக்கு வருவதற்கு முன்னால் கதவு, நிலை, ஜன்னல்தான் செய்துகொண்டிருந்தாராம். வந்ததும் முதலில், சுவரில் மாட்டியிருந்த தன் கிட்டாரில் எங்கள் கோணல் ‘கலா’ ஸ்டிக்கரைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார். பிறகு சாப்பிட மல்லிகா கடைக்கு அழைத்துப் போனோம்.

இவர்தான் செய்தவர் என்று சொன்னதும் மல்லிகா அடுப்பைச் சிறுசாக்கிவிட்டு உள்ளே ஓடினாள். கிட்டாரோடு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேரும் கையை இலையில் வைத்தபடி பார்த்தார்கள். எளிய மெட்டுதான். இரண்டு இடத்தில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து பிடித்து, முழுசாக வாசித்து முடித்தாள். சிரித்ததாகச் சொன்னாளே, அவளுடைய அந்த வீட்டுக்காரர் பில் போடுகிற மேஜையில் நிமிர்ந்து உட்கார்ந்து, தானே சொல்லிக்கொடுத்தது போல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஜெயபால் இட்லியைத் தொடவே இல்லை. வெளியே வந்து தெருவில் நடக்கும்போது சொன்னார்:

“எத்தனையோ வீட்டுக்குக் கதவு செஞ்சு மாட்டியிருக்கேனுங்க. ஒருத்தராவது கூப்பிட்டு, ‘பாருங்க, தெறக்குது’ன்னு தெறந்து காட்டியிருக்காங்களா?”

எதை வாங்கலாம் என்று இன்றைக்கும் தினம் யாராவது கேட்கிறார்கள், என்னால் அடித்துச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: சீனாவோ கோயம்புத்தூரோ, எதை வாங்கினாலும் முதல் மாசம் பக்கத்து வீட்டுக்காரர் உங்களோடு பேச மாட்டார்.