சம்மனசு மீன்களுக்குக் கடல் தண்ணீர்

எங்கள் வீட்டு முன்னறையில் சுவாமிப் படத்துக்கு அடுத்தபடியாக மரியாதை பெற்றது அப்பாவின் கண்ணாடித் தொட்டிதான். பாசிக்குடாக் கடலில் முருகைக்கற்களுக்குள், அதாவது பவளப்பாறைகளுக்குள் பிடித்த இரண்டு குட்டி மீன்கள் அதில் இருந்தன. விரல் நீளம்கூட வராது, செட்டையின் ஓரமெல்லாம் நீலம். ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தேவதூதர் பெயராம். நாங்கள் மாதா கோயில் வழக்கப்படி சம்மனசு என்றோம்.

அப்பா பார்த்து ரசிப்பதோடு சரி. சம்மனசுகளுக்குக் கடல் தண்ணீர் சுமந்தவர் மாமா. அம்மாவின் தம்பி, வேலையில்லாமல் எங்களோடு இருந்தார். சனிக்கிழமைகளில் கல்லடிக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய் இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையக் கொண்டுவருவார். ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமை, அப்பா வேலை செய்த கந்தோர்ப் பெரியவர் மீன் பார்க்க வருவதாக இருந்தது. அந்தக் கையோடு மாமாவுக்கு ஒரு வேலை கேட்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். மாமா ஒரு வெள்ளைச் சட்டையைத் தோய்த்து மடித்து வைத்திருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அடைமழை. மாமாவுக்குக் காய்ச்சல். "மழை விடட்டும் புள்ள, போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று முனகிவிட்டுச் சுருண்டு படுத்தார்.

எனக்கு வயது ஒன்பது. கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு. வளவுக்குப் பின்னாலேயே கடலோடு கலக்கும் வாவி இருக்க, கடலுக்கு ஏன் போக வேண்டும்? கோடையில் அங்கே குளித்தால் உதடெல்லாம் உப்புக் கரிக்கும். மாரி வெள்ளம் இறங்கினால் அதே வாவி உப்புப் போய் நல்ல தண்ணீராகிவிடும் என்பதை நான் யோசிக்கவில்லை. கானை நிரப்பி இழுத்துவந்து, தொட்டியில் பாதியை இறைத்துவிட்டு ஊற்றினேன். மாமாவுக்கு உதவியதில் ஒரே பெருமை.

மாலைக்குள் இரண்டு மீனும் செத்து மிதந்தன. அப்பா தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் காணாது.

"கடலுக்குப் போக ஏலாட்டிச் சொல்லியிருக்கலாம்தானே. இதைக்கூடச் செய்யாத ஆளுக்கு நான் எந்த முகத்தோட வேலை கேக்கிற?"

மாமா என்னைப் பார்த்தார். "பிழைதான் அத்தான்" என்றார்.

நான் மெல்லப் பின்வாசலால் நழுவினேன். அம்மாவைத் தேடிப் போனேன். கிணற்றடியில் மழையில் நனைந்தபடி, வாவிச் சேறு படிந்த என் சட்டையை அவர் கசக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் சத்தம் அங்கேயும் நன்றாகக் கேட்டது. அம்மா நிமிரவேயில்லை.

மறுநாள் காலை மாமா அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். பிறகு அவர் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை.

எனக்கு அடி விழாமல் அம்மா காப்பாற்றிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். தன் தம்பியை விட்டுக்கொடுத்துத்தான் காப்பாற்றினார் என்பது அந்த வயதில் உறைக்கவில்லை. மாமாவைப் போல என்னைப் புள்ள என்றே கூப்பிட்டுவந்த அம்மா அன்றிலிருந்து அப்படிக் கூப்பிடவேயில்லை, பெயரைத்தான் சொன்னார். நான் பெரியவளாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.