அண்ணன் பெரிதாக்கி வைத்த எழுத்து

யூசுப் அண்ணா, உன் லேப்டாப்பை இன்று காலையிலும் நான்தான் திறந்தேன். எழுத்தெல்லாம் பெரிதாக, பளிச்சென்று தெரிகிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வருகிறது. நீ கடைசியாகச் செய்த வேலை இது. இதைச் செய்யச் சொல்லி உன்னை யார் கேட்டது? நான்தான் கேட்டேன்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் நம்முடைய ஆன்லைன் அப்ளிகேஷன் கடை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என்னை நீதான் கூட உட்கார வைத்து டைப் அடிக்கப் பழக்கினாய். பழைய லேப்டாப், பொடி எழுத்து, படிக்க எனக்கு நேரமாகும். ஒருநாள் நீ இல்லாதபோது செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டேன். எழுத்து பெரிதானது, ஆனால் தண்ணீர் பட்ட மை மாதிரி கலங்கிப் போனது. பாஸ்போர்ட் போட்டோவில் ஒல்லி ஆட்கள்கூட அகலமாகிவிட்டார்கள். "என்னா, எல்லாருக்கும் பிரியாணி போட்டியா?" என்று சிரித்தாய். அப்புறம் சரி பண்ணித் தருகிறேன் என்றாய், மறந்துவிட்டாய்.

அப்ளிகேஷனை அனுப்பும் முன் லேப்டாப்பை வந்தவர் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படிக்கச் சொல்வது உன் வழக்கம். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் படிப்பேன். அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு அக்காவின் விதவை பென்ஷனுக்கும் நான்தான் படித்தேன். பேங்க் நம்பரில் எட்டுக்குப் பதில் மூன்று அடித்திருந்தேன். அந்த மங்கலில் அது எட்டாகவே தெரிந்தது. அப்ளிகேஷன் திரும்பி வந்துவிட்டது.

அது தெரிந்த அன்று மத்தியானம் அவர் வாசலில் நின்று கத்தினார். "ரெண்டு மாசமா நடக்குறேன் பாய். உன் கண்ணு எங்க இருந்துச்சு?" தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. "என் தப்புதாம்மா, உக்காருங்க" என்று நீயே சொல்லி, நீயே நம்பரைத் திருத்தி அனுப்பினாய். காலையிலிருந்து நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். ஆஸ்பத்திரி என்றால், "கேஸ்தான், சோடா குடிச்சா சரியாயிடும்" என்றாய். முப்பத்து நாலு வயதில் என்ன கேஸ்? அவர் போனதும் நானும் உன் மேல் எரிந்து விழுந்தேன். "எழுத்து தெரியலன்னு எத்தினி வாட்டி சொல்றது? சரி பண்ணிக் குடுக்க மாட்டியா?"

நீ உட்கார்ந்தாய். "ஸ்கிரீனுக்குன்னு ஒரு அளவு இருக்குது. அத்த கொறைச்சா இருக்கிறத இழுத்துக் காட்டும், அதான் கலங்குது. அத்த தொடாத, எழுத்த மட்டும் பெருசாக்கு." ரெசல்யூஷனைப் பழையபடி ஏற்றி, எழுத்தை நூற்றைம்பது சதவீதத்தில் வைத்தாய். பிறகு எழுத்தைத் தெளிவாக்கும் பக்கத்தைத் திறந்தாய். ஒரே வரியைப் பல கட்டங்களில் காட்டி, எது தெளிவாக இருக்கிறது என்று அது கேட்கும். "நீதான பாக்கப் போற, நீயே சொல்லு" என்றாய். நான் ஸ்கிரீனுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ச் சொல்லிக்கொண்டே வந்தேன். ரெண்டாவது. நாலாவது. மொதல்ல இருக்கிறது. மவுஸ் மேல் உன் கை வேர்த்து நனைந்திருந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டு கிளிக் செய்தாய். அப்போதும் திரும்பி உன் முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்துக்கு நான் பதில் சொன்னேன், கிளிக் சத்தம் வரவில்லை.

போன வாரம் அந்த அக்கா வந்தார். பென்ஷன் வந்துவிட்டதாம். "பாய் எங்க? அன்னிக்கு ஜாஸ்தி பேசிட்டேன்" என்றார். நீ போய்விட்டதைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்பதையும் சொன்னேன். பிறகு, "பௌர்ணமிக்கு மலை சுத்தும்போது அவருக்கும் வேண்டிக்கிறேன்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என்னால் அதுகூட முடியவில்லை, அண்ணா. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் உன்னோடு சண்டைதான் வருகிறது, துஆ வரவில்லை. லேப்டாப் எதிரில் திறந்து கிடக்கிறது. எட்டு எட்டாகத் தெரிகிறது. இதைப் படிக்கிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், எனக்குக் கோபம் அடங்குகிற வரைக்கும் என் அண்ணன் யூசுப்புக்காக நீங்கள் எல்லோரும் துஆ செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த விதத்தில் வேண்டிக்கொண்டாலும் போதும்.