தண்ணீர் நிற்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை

மாலை 3.58-க்கு என் கணவர் என் கண்ணிலிருந்து மறைந்தார். 4.41-க்கு மறுபடி கண்டேன். இடையில் நாற்பத்து மூன்று நிமிடம். அந்த நேரத்தில் நான் ஆண்டவரிடம் என்ன கேட்டேன், எப்படிக் கேட்டேன் என்பதை, வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் நம் அன்பியத்து உறவுகளுக்காக எழுதுகிறேன். பணிவான ஜெபம் ஒன்றை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் பிலோமினா. வயது 49. வீடு இந்தத் தீவில், டாலிகஞ்சில். அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டோர் கீப்பர். என் கணவர் அருளப்பன் ஜங்லிகாட்டில் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறார். இருவருக்கும் பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை. திருமணமான நாளிலிருந்து டைரி எழுதுகிறேன். இதில் வரும் நேரங்கள் எல்லாம் அதில் உள்ளவை.

மூன்று வருடமாகக் கயாக் ஓட்டுகிறேன். ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து துடுப்பால் தள்ளிப் போகும் ஒல்லியான படகு அது. எங்கள் குழுவை நடத்துவது டெல்வின். கடலுக்கு அப்பால் பெருநிலத்தில், நாங்கள் மெயின்லேண்ட் என்போம், பாறைகளுக்கு நடுவே நுரைத்து ஓடும் ஆறுகளில் பயிற்சி எடுத்தவர். என் அலுவலகத் தோழி மித்தாலியும் இன்னும் இருவரும் உண்டு. வருடக் கடைசியில் எல்லோரும் மெயின்லேண்ட் போய் அந்த ஆறுகளில் இறங்க வேண்டும் என்பது திட்டம்.

"இந்த வயசுல பேண்ட் போட்டுக்கிட்டு முதலைக்கு எதிர்ல போய் உக்காரணுமா?" என்று கோயில் வாசலிலேயே என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முதலையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் சொன்னேன்.

இந்தத் தீவில் அப்படிப்பட்ட ஆறு கிடையாது. எங்களுக்கு இருப்பது கழி. அலையாத்திக் காட்டுக்குள் மைல் கணக்கில் கடல்நீர் ஏறி இறங்கும். இறங்கும் நேரமான வற்றத்தின்போது அவ்வளவு தண்ணீரும் ஒரு குறுகலான முகத்துவாரம் வழியாகக் கடலுக்குள் பாயும். அங்கே எதிரே வரும் அலையோடு மோதி நுரைத்து எழும்பும். அதுதான் எங்கள் பயிற்சிக் களம். தண்ணீர் நிற்கிற சில நிமிடங்களில் முகத்துவாரத்தைக் கடந்துவிட வேண்டும். அந்த நேரத்துக்கு முன்னும் போகக் கூடாது, பின்னும் போகக் கூடாது. இடத்தின் பெயரை எழுதவில்லை. என் எழுத்தை நம்பி யாரும் அங்கே போக வேண்டாம்.

கடந்த பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு போனோம். ஒருவர் வரவில்லை என்றதும் ஒரு படகு மிஞ்சியது. அதில் ஏற என் கணவரை நான்தான் இழுத்துப் போனேன்.

"எஞ்சின் இல்லாத படகுல ஏறினேன்னு தெரிஞ்சா எங்கப்பா கல்லறையிலிருந்து எந்திரிச்சு வந்து அடிப்பாருட்டி" என்றார். இருந்தாலும் வந்தார். சனிக்கிழமை முழுவதும் கழிக்குள்ளேயே ஓட்டினோம். அவர் கரையோர வேர்களில் இரண்டு முறை மோதினார். மித்தாலி சிரித்துச் சிரித்துத் துடுப்பை நழுவவிட்டாள்.

நேரம் பார்ப்பது என் பொறுப்பு. அச்சடித்த ஏற்ற வற்ற அட்டவணை என்னிடம் உண்டு. ஞாயிறு வற்றம் முடிவது 3.52. அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். அமாவாசைக்கு மறுநாள். இழுப்பு அதிகமாக இருக்கும் நாள் என்பதும் எனக்குத் தெரியும்.

3.54-க்கு முகத்துவாரத்தின் மணல் திட்டுக்கு வந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"ஏட்டி, தண்ணி இன்னும் இழுக்குது."

"3.52-க்கு நிக்கணும். டேபிள்ல இருக்கு."

"டேபிள் கிடக்கட்டும். கண்ணால பாரு."

"ரெண்டு நிமிஷந்தானே தாண்டியிருக்கு. நின்னுரும். போங்க."

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர் தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். ஸ்டோர் கீப்பரான நான் தாளைப் பார்த்துச் சொன்னேன். டெல்வின் என்னைத்தான் கேட்டார், நான் சரி என்றேன். இந்தத் தப்பு முழுக்க என்னுடையது. இதை டெல்வின்மேல் ஏற்றிப் பேசுகிறவர்கள் நிறுத்த வேண்டும்.

டெல்வின் முதலில் இறங்கினார். என் கணவர் இரண்டாவது. இருபது கெஜம் போவதற்குள் படகு குறுக்கே திரும்பியது. ஒரு அலை அவரைக் கவிழ்த்தது. தலை மேலே வந்தது. லைஃப் ஜாக்கெட் தெரிந்தது. படகு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அடுத்த அலைக்குப் பிறகு நுரை மட்டும்தான். மணி 3.58.

டெல்வின் அவர் பின்னால் போகப் பார்த்தார். அவரும் கவிழ்ந்தார், நிமிர்ந்தார், மறுபடி கவிழ்ந்தார். எப்படியோ திட்டுக்கு வந்து ஒதுங்கினார். மித்தாலியைத் தவிர மீதி இருந்த ஒருவரைச் சாலைக்கு அனுப்பினோம். அங்கே போன் எடுக்காது. சிக்னல் கிடைக்கும் இடம் ஒரு மணி நேர நடை. சூரியன் ஐந்தரைக்கு மறைந்துவிடும்.

"ஆன்ட்டி, தண்ணி நின்னதும் போறேன். இப்ப போனா ரெண்டு பேரைத் தேடணும்" என்றார் டெல்வின்.

"தண்ணி நின்னிருக்கணும்."

"அந்த டைம் துறைமுக ஜெட்டிக்கு ஆன்ட்டி. ஜெட்டில வத்தம் முடிஞ்சாலும் இந்தக் காட்டுக்குள்ள இருக்கற தண்ணி வெளியே வர வேண்டாமா? இப்பதான் எனக்கே உறைக்குது."

இத்தனை வருடம் அந்த அட்டவணையை அச்சுப் பிசகாமல் டைரியில் எழுதினேன். அது எந்த இடத்து நேரம் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

4.03-க்கு அந்த மணலில் முழந்தாளிட்டேன். மித்தாலி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினேன். அதில் எல்லாவற்றையும் அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிற ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினேன். வாய் வரவில்லை என்று எழுத மாட்டேன். வந்தது. நான் மூடிக்கொண்டேன். இன்றைக்கு அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன்.

பிறகு கேட்டேன். "தப்புப் பண்ணது நான். கணக்குத் தீர்க்கணும்னா என்னைத் தீரும். அந்த மனுஷன் சரியாச் சொன்னாரு, நான்தான் கேக்கல. சரியாச் சொன்னவரை எடுத்துட்டு, தப்பாச் சொன்னவளை விட்டு வைக்கிறது என்ன நியாயம்? நான் எந்திரிக்க மாட்டேன். அருளப்பனைக் கொடும்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழே சிப்பி அறுத்தது. எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். நடுவில் என் நெஞ்சு சொன்னது, அவர் போய்விட்டார், நீ விதவை, எழுந்து மற்றவர்களைக் கவனி என்று. அதையும் கேட்கவில்லை.

4.35. நுரை அடங்கியது. முகத்துவாரம் குளம் போல ஆனது. டெல்வின் படகைத் தள்ளும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. வெளியிலிருந்து ஒரு டுங்கி, நம் ஊர் மீன்பிடிப் படகு, நேராக உள்ளே வந்தது. மீன் பெட்டிகள் மேலே என் கணவர் படுத்திருந்தார். மணி 4.41.

ஓட்டி வந்தவர் நிதாய் என்ற பெங்காலி மீனவர். "தீதி, ஏ ஆப்கா ஆத்மி ஹை?" என்றார். ஆம், என் ஆள்தான் என்றேன்.

என் ஆள் கண்ணைத் திறந்தார். தண்ணீரைத் துப்பினார். "ஏட்டி, அந்த டேபிள்ல கடல் கையெழுத்துப் போட்டிருக்கான்னு பாத்தியா?" என்றார். மித்தாலி அழுதுகொண்டே சிரித்தாள். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டேன்.

நிதாய் தினமும் அந்த நேரத்தில் வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருப்பவராம். "பானி நஹி ருகா, தோ அந்தர் கைசே ஆயேகா?" என்று என்னையே கேட்டார். தண்ணீர் நிற்காமல் எப்படி உள்ளே வருவது? எனக்குத் தெரியாததைத் தெரிந்து வைத்திருந்ததால்தான் அவர் அங்கே இருந்தார். வழக்கமாகக் காத்திருக்கும்போது தூங்கிவிடுவாராம். அன்று மடியில் சூடான டீ கொட்டித் திட்டிக்கொண்டே எழுந்திருக்கிறார். அப்போதுதான் அலைக்கு நடுவே ஆரஞ்சு நிற ஜாக்கெட் கண்ணில் பட்டது.

டீ எத்தனை மணிக்குக் கொட்டியது என்று கேட்டேன். அவரிடம் கடிகாரம் இல்லை. நான் முழந்தாளிட்ட அதே நிமிடம் என்று எழுத எனக்கு ஆசைதான். தெரியாததை எழுத மாட்டேன்.

பட்டறையில் ஒருவர் சொன்னார்: "நிதாய் அண்ணன் தினமும் அங்க நிக்கிறவரு. இதுல உங்க சாமி எங்க வந்தாரு?" தினமும் நிற்கிறவர்தான். ஒரு நாள் எனக்குத் தேவைப்படும் என்று தினமும் ஒருவரை நிறுத்தி வைத்த தேவனை நான் நம்புகிறேன். அது சிறிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு அமாவாசைக்கு மறுநாள் அங்கே போய் நின்று பார்க்கட்டும்.

நம் அன்பியத்திலேயே இன்னொரு பேச்சு உண்டு. இது ஆண்டவர் கொடுத்த எச்சரிக்கை, பிலோமினா இனி அடங்கி வீட்டில் இருக்க வேண்டும் என்று. அவர் என் கணவரைத்தான் கொடுத்தார். கூடவே எந்தச் சீட்டும் எழுதி அனுப்பவில்லை. மார்ச்சிலிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நிதாயோடு அவர் டுங்கியில் போகிறேன். ஒவ்வொரு முகத்துவாரத்திலும் தண்ணீர் உண்மையில் எப்போது நிற்கிறது என்று பார்த்துப் பென்சிலால் எழுதுகிறேன். எழுதியதை நிதாயிடம் படித்துக் காட்டுகிறேன். அவர் தலையசைத்தால்தான் மையால் எழுதுவேன். வருடக் கடைசியில் ஆறுகளுக்கும் போகிறேன். பெயர் கொடுத்தாயிற்று.

உங்களில் யாருக்காவது இப்போது நெஞ்சைப் பிடித்து இழுக்கிற ஒன்று இருக்கும். பிள்ளையாக இருக்கலாம், நோயாக இருக்கலாம். மனதில் இல்லாத பணிவை வாயில் வைத்துக்கொண்டு ஜெபிக்காதீர்கள். அவருக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள். சண்டை போட்டுக் கேளுங்கள். தப்பு உங்களுடையது என்றால் அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். எல்லோருக்கும் 4.41 வரும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அது என் கையில் இல்லை. கேட்கிறவளை அவர் தள்ளிவிடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது வெளியே ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரை எவ எடுத்தா என்று அவர் கத்துகிறார். நான்தான் எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். இன்னும் இரண்டு முறை கத்தட்டும். பிறகு சொல்கிறேன்.